வெறியாட்டுக் களத்திலிருந்து ஏர்வாடி வரை

காதல் தோன்றும் விதத்தைத் தமிழ் இலக்கியம் நுணுகி ஆராய்ந்திருக்கிறது. முதற்காட்சி, வேட்கை, மெலிவு, களவு, அலர், உடன்போக்கு, மணம், ஊடல் என ஒவ்வொரு படிக்கும் நம்மிடம் பெயர் உண்டு. ஆனால் ஓர் உறவு முடிந்துபோவதற்கு நம் அக இலக்கணத்தில் என்ன பெயர்? இக்கேள்வியோடு தேடும்போது, ஏடுகளில் தொடங்கும் வழி இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஏர்வாடிக்கு நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

தொல்காப்பியம் காதல் நோயின் படிகளை வேட்கையில் தொடங்கி மயக்கம், சாக்காடு வரை வரிசைப்படுத்துகிறது. இறையனார் அகப்பொருள் பிரிவை ஆறாக வகுக்கிறது: ஓதல், காவல், பகைதணிவினை, வேந்தற்கு உற்றுழி, பொருட்பிணி, பரத்தை. இவை ஆறும் மீண்டு வரவேண்டிய பிரிவுகள். பரத்தையிற் பிரிந்தவனும் வாயில் வேண்டி வந்து நிற்பான். மனைவி கண்ணகியைத் துறந்த பேகனிடம் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடியது, அவளிடம் திரும்பிச் செல் என்பதையே. உறவு அறவே முறிந்துபோவதற்கு அகத்தில் துறை இல்லை. சாவு ஒன்றே முடிவு.

துறை இல்லாத துயரம் எங்கே போகும்? சங்க இலக்கியமே ஒரு விடையைக் காட்டிச் செல்கிறது. களவில் காதலித்துப் பிரிவால் மெலியும் மகளைக் கண்டு, முருகு அணங்கியதோ எனத் தாய் அஞ்சுகிறாள். வேலன் அழைக்கப்படுகிறான், களம் இழைத்து, ஆட்டுக்கிடாயைப் பலி தந்து வெறியாடுகிறான். நோயின் காரணம் தெய்வமன்று, தலைவனே என்பது தோழிக்குத் தெரியும். அதைச் சொல்லவும் முடியாது, சொல்லாதிருக்கவும் முடியாது. இத்துறையைப் பாடியே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். மனத்தின் துயரைத் தெய்வத்தின் சீற்றமாக வீடு புரிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே இவ்வளவு தொன்மையானது. அதைக் கண்டு மெல்ல நகைக்கும் கவிமனமும் அதே அளவு தொன்மையானதே.

ஏட்டில் இல்லாத துறை நாட்டில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தின் பல சமூகங்களில் அறுத்துக்கட்டுதல் வழக்கம் இருந்தது. கள்ளரிடையே சாட்சிகள் முன் துரும்பு கொடுத்து மணத்தை முடித்துக்கொள்ளும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. இஸ்லாமியச் சட்டம் மணத்தை ஓர் ஒப்பந்தமாகக் கருதுவதால், அதை முடிக்கும் வழியையும் வகுத்திருக்கிறது. பெண் முன்னின்று கேட்கும் குலா அவற்றுள் ஒன்று. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்காற்று மணமுறிவுகளை ஏற்றுக்கொள்கிறது. எனினும் குடும்ப மானம் என்பது மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றுவதாக மாறிய இடங்களில் எல்லாம் துரும்பின் மதிப்புக் குறைந்தது. கேட்டுப் பெறக்கூடிய முடிவு ஒன்று பேச்சுக்கே வராமல் மறைந்தது.

பேசப்படாதது பேயாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் செஞ்சி வட்டாரத்தில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோக்கோவ், ஓர் ஒழுங்கைக் கவனித்தார். பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாக மணமான இளம்பெண்களை. பிடிக்கும் பேய்களோ பெரும்பாலும் காதல் கைகூடாமல் உயிரை மாய்த்துக்கொண்ட ஆண்கள். பம்பைக்காரர் பேயிடம் பெயரும் ஊரும் கேட்கிறார். அது பேசி முடித்ததும் பெண்ணின் ஒரு கற்றை மயிர் அறுக்கப்பட்டுப் புளியமரத்தில் ஆணியடிக்கப்படுகிறது. பெண் கணவனிடம் திரும்புகிறாள். காதலனை வெளியேற்றி மனைவியை மீட்பது என அவர் இச்சடங்கைச் சுருக்கினார். இந்த மணம் எனக்கு ஒவ்வவில்லை என ஒரு பெண் தன் வாயால் சொல்ல முடியாத ஊரில், இறந்த ஒருவன் அவள் வாயிலாக அதைச் சொல்கிறான். சொன்னது கேட்கப்படுகிறது, ஆனால் அவளுடைய சொல்லாக அன்று.

ஏர்வாடி இந்த நீண்ட வழியில் அமைந்த ஒரு பெருந்தங்கல். கீழக்கரைக்கு அருகில் உள்ள இவ்வூரில் பாதுஷா சுல்தான் சையிது இப்ராஹிம் ஷஹீது அவர்களின் தர்கா இருக்கிறது. அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து வந்தவர் என்பது மரபு. சந்தனக்கூடு விழாவிற்கு எல்லாச் சமயத்தவரும் கூடுகின்றனர். மனம் பேதலித்தவர்களை இங்கே அழைத்து வந்து, தர்காவின் நீரையும் விளக்கெண்ணெயையும் தந்து, கனவில் உத்தரவு வரும்வரை தங்கவைப்பது வழக்கம். தொடக்கத்தில் உறவினரும் கூடவே தங்கினர். பின்னர், பணம் பெற்றுக்கொண்டு நோயாளியை வைத்துக்கொள்ளும் தனியார் காப்பகங்கள் தர்காவைச் சுற்றிப் பெருகின. கனவுக்காகக் காத்திருக்க வேண்டிய குடும்பம் வீடு திரும்பியது. அதன் இடத்தைச் சங்கிலி எடுத்துக்கொண்டது.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அத்தகைய கீற்றுக்கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்திற்குள் ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். சங்கிலியைப் பற்றி நாடு நிறையவே பேசியது. அவர்களுள் எத்தனை பேர் ஒருவருக்குக் கணவராகவோ மனைவியாகவோ இருந்தவர்கள், அந்த உறவுகள் எந்த நாளில் முடிந்தன என்ற கேள்வி அப்பேச்சில் அதிகம் எழவில்லை.

அக்கேள்வியைச் சென்னையில் சிலர் கேட்டிருந்தனர். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த ஆர். தாராவும் உடனிருந்தோரும் மனச்சிதைவு நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஆண் நோயாளிகளிடையே மணமாகாதோர் மிகுதி; பெண் நோயாளிகளிடையே மணமுறிந்தோர் மிகுதி. 2003இல் வெளியான அவர்களது மற்றொரு ஆய்வு, கைவிடப்பட்ட பெண்களிடமே பேசியது. நோயின் இழிவைவிடக் கணவன் விட்டுச்சென்ற இழிவே அப்பெண்களையும் குடும்பத்தாரையும் கூடுதலாக வருத்தியது. சட்டப்படி முறிக்கப்படாமலேயே பிரிந்தவர் பலர். தாலியைக் கழற்றாமல், ஒருநாள் அழைத்துக்கொள்வார் என இருந்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் இத்தகைய நிலைக்குத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டார். போனவர் இறக்கவுமில்லை, இருக்கவுமில்லை; ஆகவே துக்கம் தொடங்கவே இடமில்லை. ஆறு பிரிவுகளும் மீள்வதற்கே என்று கற்ற மனம், ஏழாவது ஒன்றை எந்தப் பெயரால் அடையாளம் காணும்?

சட்டம் மெல்ல மெல்லச் சொற்களைத் தந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம், கணவனுக்கு ஈராண்டுக் காலம் சித்தபிரமை இருந்தால் மனைவி விடுதலை பெற வழிசெய்தது. இந்துத் திருமணச் சட்டத்திலும் மனநோய் ஒரு காரணம். ஆனால் நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவிற்கு அது கடுமையானதா என்பதைக் காட்ட வேண்டும் என 1988இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. கைவிடப்பட்டவர் ஊரில் வாழ உரிமையுள்ளவர் என்பதை நம் சட்டமொழி சொல்வதற்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

உறவு நிலைப்பது எதனால் என்பதற்கும் இவ்வரலாற்றில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. தமிழகத்துக் கோயில் ஒன்றில் தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. மருந்தில்லாமல், சராசரியாக ஆறு வாரம் தங்கியதில், நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தனித்த சடங்கு எதையும் ஆய்வாளர் காரணமாகக் காட்டவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலையே சுட்டினர். அங்கே நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் தங்கியிருந்தார். மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. கூட இருப்பவர் இருக்கும்போது கோயிலும் தர்காவும் தரும் ஆறுதல் வேறு, அவர் போனபின் எஞ்சும் கொட்டகை வேறு என்பதற்குச் சான்று.

அழைத்து வந்தவர் கடைசிப் பேருந்தில் ஏறித் திரும்பிப் போன நாளில் ஏர்வாடியில் பல மணங்கள் முடிந்திருக்கின்றன. அங்கே துரும்பும் இல்லை, சாட்சியும் இல்லை. போகிறேன் என்று யாரும் சொன்னதுமில்லை. வெறியாட்டுக் களத்தில் உண்மையறிந்த தோழி ஒருத்தியாவது நின்றாள். அவளைப் போல, இது தெய்வமன்று, உறவின் துயரம் என்று எடுத்துச் சொல்லவும், முடிந்த உறவை முடிந்தது என அறிவிக்கவும் ஒருவர் இருந்திருப்பின், கொட்டகையில் காத்திருந்தவர்களுள் சிலரேனும் எழுந்து வேறு வாழ்வு தேடியிருக்கக்கூடும்.