சித்திரையில் மழை பெய்யும் மலை

பள்ளி விடுமுறை நெருங்கும்பொழுதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, கேமரன் மலைக்கு எப்பொழுது போகலாம்?" வரலாறு கற்பிப்பவனிடம் வானிலை கேட்கிறார்களே என்று முதலில் நினைத்ததுண்டு. எண்ணிப் பார்த்தால், இந்த வினாவுக்கு விடை வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

மலைவாழிடம் என்னும் கருத்தே ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்தது. தமிழகத்தில் அதற்குத் தெளிவான ஒரு காரணம் இருந்தது. சித்திரை வெயிலைத் தாங்க இயலாமல் மதராஸ் மாகாண அரசு கோடைதோறும் உதகைக்கே இடம்பெயர்ந்தது. இலங்கையின் நுவரெலியாவிலும் ஏப்ரல் மாதம்தான் களைகட்டும் காலம். "சீசன்" என்னும் சொல் இவ்வூர்களில் ஒரு குறிப்பிட்ட காலத்தையே குறிக்கும். மலாயாவில் அப்படி ஒரு கோடை ஏது? ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெயில்தான். ஆகவே இங்கே மலை ஏறுவதற்கென்று வெப்பம் வகுத்துக் கொடுத்த காலம் எதுவும் இல்லை. காலத்தை வகுப்பது மழை ஒன்றுதான்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தார். அதனால் அவர் பெயரே மலைக்கும் நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே செமாய் மக்கள் இங்கு வாழ்ந்து வந்தனர் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல நாம் மறந்துவிடக் கூடாது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அரசு பெரிதாக எதையும் செய்யவில்லை. 1925இல் இங்கு வந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல், நுவரெலியாவோடும் பிலிப்பீன்சின் பாகியோவோடும் ஒப்பிட்டுத் தானா ராத்தா மலைவாழிடத்திற்கு ஏற்றது என்று முடிவு செய்தார். அதே காலத்தில் தேயிலையும் காய்கறிகளும் இங்கு விளையுமா என்று பார்க்க வேளாண் சோதனை நிலையமும் அமைந்தது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் சாலை 1931இல் நிறைவுற்றது.

தேயிலை வந்த இடத்திற்குத் தமிழர் வந்தனர். கங்காணி முறையிலும் பிற வழிகளிலும் மலாயாவுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இம்மலைத் தோட்டங்களில் குடியேறினர். இன்றும் இம்மலையில் நம் தமிழ்ப்பள்ளிகள் இருப்பது அந்தக் குடியேற்றத்தின் தொடர்ச்சியே.

அவர்கள் தம்மோடு ஒரு நாட்காட்டியையும் கொண்டு வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. சித்திரை, வைகாசி என்றால் கத்திரி வெயில். இதில் முதற்பாதி கேமரன் மலைக்கும் அப்படியே பொருந்தும். அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இங்கு மழை உச்சம் தொடுகிறது. இரண்டாம் பாதியோ தலைகீழ்! தமிழகத்தில் ஆறுகள் வறண்டு கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இங்கு இரண்டாவது மழைக்காலம். சித்திரைப் பிறப்பை நனைந்துகொண்டே வரவேற்கும் ஊர் இது.

காரணம் எளியது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. முன்னதன் பெருமழையைக் கிழக்குக் கரை மாநிலங்கள் முதலில் வாங்கிக்கொள்கின்றன. பின்னதைச் சுமத்திரா தீவு பெருமளவு தடுத்துவிடுகிறது. இவ்விரு காற்றுகளும் மாறும் இடைக்காலத்தில் காற்று வலுவிழந்து, காலை வெயிலில் எழும் ஈரம் மலைச்சரிவில் மேலேறிப் பிற்பகலில் இடியோடு கொட்டுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் இம்மலையில் சனவரியும் பிப்ரவரியும் ஓரளவு வறண்டவை. சூன், சூலை மாதங்களில் மற்றுமோர் இடைவெளி உண்டு. குளிர் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. தானா ராத்தாவின் மாதச் சராசரிகளுக்கு இடையே இரண்டு பாகை வேறுபாடு இருந்தாலே அதிகம். ஆனால் தை மாதத்தில் மேகமற்ற இரவுகளில் நிலத்தின் வெப்பம் விரைந்து வெளியேறிவிடும். 1978 பிப்ரவரி 1ஆம் நாள் இங்குப் பதிவான 7.8 பாகைக் குளிர் அத்தகைய காலத்தில் வந்ததுதான்.

கேட்டவருக்கு இவ்வளவு சொன்னால் போதும். எனக்குப் போதவில்லை. பெர்த்தாம் ஆற்றின் கதையை விட்டுவிட்டு இம்மலையின் மழையைப் பற்றிப் பேச முடியாது.

பெர்த்தாம் ஆறு தானா ராத்தாவைக் கடந்து ரிங்லெட் நோக்கி இறங்குகிறது. ரிங்லெட்டில் 1963இல் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. மின்னாற்றலுக்காக எழுந்த அணை அது. மேலே காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்கும் சரிவுகள் வெட்டப்பட வெட்டப்பட, ஒவ்வொரு மழையும் மண்ணைக் கரைத்து நீர்த்தேக்கத்தில் சேர்த்தது. தேக்கம் தூர்ந்தது, மழைநீரைத் தாங்கும் இடம் குறைந்தது. 2013 அக்டோபர் 23, தீபாவளிக்குப் பத்து நாள் முன், நள்ளிரவு கடந்த வேளையில் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. உயிர்கள் போயின, வீடுகள் அழிந்தன. அடுத்த ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அதே பகுதியில் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் உயிரிழப்பு. இவ்விரண்டும் ஐப்பசி மாதத்தில் நேர்ந்தவை. அணை கட்டப்படுவதற்கு முன்பே, 1961 மே 11இல் ரிங்லெட்டில் நிகழ்ந்த நிலச்சரிவு 16 பேரைப் பலிகொண்டது. அது சித்திரையின் இறுதி.

மழையின் இரு உச்சங்களும் இந்த நாள்களில் அப்படியே தெரிகின்றன. மழை எக்காலத்திலும் இந்த மாதங்களில்தான் பெய்தது. அது விழும் மண்தான் மாறிவிட்டது. 2024 சனவரி 26ஆம் நாள், நாம் நல்ல காலம் என்று பரிந்துரைக்கும் தை மாதத்திலேயே, கம்போங் ராஜா அருகே புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் நாட்டுத் தொழிலாளர் ஐவர் மாண்டனர். விடியுமுன் நேர்ந்த நிகழ்வு அது. ஒரு காலத்தில் நம்மவர் இருந்த சரிவுகளில் இன்று வேலை செய்வோர் பெரும்பாலும் இப்படி வந்தவர்களே. சுற்றுலா ஏடுகளின் "சிறந்த மாதங்கள்" பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. டார்ஜிலிங்கில் குளிர்காலம் வந்தால் கொழுந்து பறிப்பு நின்றுவிடும். கேமரன் மலையில் தேயிலை ஓய்வதே இல்லை. மழை மாதமானாலும் பறித்தாக வேண்டும்.

நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை பல பத்தாண்டுகளாக நவம்பரில் தொடங்கியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலையில் மழை மிகுந்த காலத்திலேயே நாம் பேருந்து பேருந்தாக மாணவர்களை ஏற்றிச் சென்றிருக்கிறோம்!

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இயன்றால் சனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கத்திற்குள், சீனப் புத்தாண்டு நெரிசலைத் தவிர்த்துச் செல்லுங்கள். இல்லையேல் சூன், சூலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை. நண்பகலுக்கு முன் மேலே சேர்ந்துவிடுங்கள். முந்திய இரவு பெருமழை பெய்திருந்தால் பயணத்தை ஒருநாள் தள்ளிவையுங்கள். ரிங்லெட்டைக் கடக்கும்பொழுது சாலையோரத்தில் அந்த நீர்த்தேக்கம் தெரியும். வண்டியை நிறுத்தி, நீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.