மஞ்சள் தொண்டைச் சின்னான்: கிருஷ்ணகிரி பாறைக் குன்றுகளை நம்பி வாழும் பறவைக்கு என்ன ஆபத்து?

ஓசூர்னு சொன்னாலே தொழிற்சாலைகளும் ரோஜாத் தோட்டங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும் வாழும் ஒரு பாடும் பறவைக்கும் இந்தப் பகுதி வீடு. அதுதான் மஞ்சள் தொண்டைச் சின்னான்.

எப்படி இருக்கும்?

சுமார் 20 செ.மீ. நீளம். தலையும் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சள். முதுகு சாம்பல் கலந்த பச்சை. வால் நுனியிலும் மஞ்சள் தெரியும். நம்ம ஊர் கொண்டைக்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் இதற்குக் கொண்டை கிடையாது.

இதே புதர்க்காடுகளில் வெண்புருவச் சின்னானும் இருப்பதால் பலரும் குழம்புவார்கள். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இருந்தால் அது வேறு பறவை!

எங்கே வாழ்கிறது?

1845-ல் ஜெர்டன் இந்தப் பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பெரிய பாறைகளும் முட்புதர்களும் சேர்ந்த குன்றுகள்தான் இதற்குத் தேவை. கர்நாடகாவின் நந்தி மலை, ஆந்திராவின் ஹார்ஸ்லி மலை, தமிழ்நாட்டின் செஞ்சி, கிருஷ்ணகிரி மாவட்டக் குன்றுகள் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

என்ன பிரச்னை?

பறவைக்குத் தேவையான அதே பாறைதான் கிரானைட் தொழிலுக்கும் தேவை. கிருஷ்ணகிரி கிரானைட் வெளிநாடுகளுக்கும் போகிறது. குவாரி வந்தால் பாறையோடு புதரும் போய்விடும். காட்டுத்தீ, விறகு வெட்டுதல், மேய்ச்சல் ஆகியவையும் புதர்களை அழிக்கின்றன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் பறவையை 'எளிதில் அழியக்கூடிய இனம்' என்று வகைப்படுத்தியுள்ளது.

சரணாலயம் இருக்கிறதே?

இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. ஆனால், ஊரை ஒட்டிய தனிக் குன்றுகள் பல இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. மரம் இல்லாததால் அவை வெறும் 'கல்லாங்காடு' என்றே பார்க்கப்படுகின்றன.

ஏன் முக்கியம்?

இந்தப் பறவை பழங்களையும் பூச்சிகளையும் தின்னும். எச்சத்தில் விழும் விதைகள்தான் பாறை இடுக்குகளில் மறுபடி புதராக முளைக்கின்றன. வெட்டிய மரத்தைத் திரும்ப நடலாம். வெட்டிய பாறை திரும்ப வளராது.