திரையில் ஒரு கல்மண்டபம்: கடற்கரைப் பள்ளிவாசல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்

இஸ்லாமியக் கலைக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்படி நம் பிள்ளைகளைக் கேட்டால், ஆக்ராவின் தாஜ்மஹாலையும் கிரனடாவின் அல்ஹம்ராவையும் சொல்வார்கள். கணினித் திரையில் மாணவர்களை அழைத்துச் செல்லும் மெய்நிகர் சுற்றுலாக்களும் பெரும்பாலும் அத்தகைய இடங்களையே காட்டுகின்றன. அவற்றைக் காண்பது நன்றே. ஆயினும், தம் பாட்டனார் தொழுத பள்ளிவாசலின் தூணில் என்ன செதுக்கப்பட்டிருக்கிறது என்று அறியாத பிள்ளைக்கு, கலை என்பது என்றும் பிறர் வீட்டுச் செல்வமாகவே தோன்றும். நம் மதரஸாக்களில் இத்தகைய சுற்றுலா ஒன்று நடைபெறுமானால், அது காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தொடங்க வேண்டும்.

முதலில் திரையில் விரிய வேண்டியது வரைபடம். தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்து சேர்ந்தன. பாண்டிய மன்னர்கள் அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கினர். அந்த வணிகத்தின் வழியே இக்கரையில் வேரூன்றிய முஸ்லிம்கள் தமிழையே தாய்மொழியாகக் கொண்டனர். மொழியில் நிகழ்ந்த அதே கலப்பு கல்லிலும் நிகழ்ந்தது.

அடுத்து, கீழக்கரைப் பெரிய ஜும்ஆப் பள்ளி. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்தே இப்பள்ளி பேசப்படுகிறது. அவருடைய அடக்கத்தலமும் இங்கேயே உள்ளது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த கொடையாளர் அவர். நபிகள் நாயகத்தின் வரலாறு தமிழ்க் காப்பிய வடிவம் பெற்ற அதே காலத்தில், தொழுகைக் கூடம் தமிழ்க் கல்மண்டப வடிவில் நின்றது. இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் கற்பித்தால் ஒன்று மற்றொன்றை விளக்கும்.

திரையில் ஒரு தூணின் படத்தைப் பெரிதாக்கி மாணவர்களை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே சதுரம், அதன்மேல் பட்டைகள், உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. இவை யாவும் கோயில் மண்டபங்களைக் கட்டிய தச்சர் மரபின் உறுப்புகள். பின்னர், இத்தூணில் எது இல்லை என்று கேளுங்கள். கோயில் தூணில் யாளியும் தெய்வ உருவங்களும் அமையும் இடங்களில் இங்கே தாமரையும் கொடிகளும் கட்டக்கோலங்களும் அமைந்துள்ளன. உயிருருவங்களைத் தவிர்க்கும் நம் நெறியைக் கட்டடக் கலைஞர்கள் மதித்தார்கள். அவர்களுடைய கைத்திறனைப் பள்ளி கட்டியோர் மதித்தார்கள். தட்டையான கூரையின் கீழ் மண்டபம் அகன்று விரிவதும் காரணத்தோடுதான்: தொழுவோர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையில் நிற்க இடம் வேண்டும். குவிமாடம் இல்லாமலும் ஒரு பள்ளிவாசல் நிறைவு பெறும் என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்.

இக்கலை ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பவில்லை. மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றிய ஆங்கில நூலில் இக்கடற்கரைப் பள்ளிகளை அளந்து, வரைபடங்களுடன் பதிவு செய்துள்ளார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெ. ராஜா முகமதுவும் தமிழகத்தின் இஸ்லாமியக் கட்டடக் கலையைப் பற்றித் தனி நூல் எழுதியுள்ளார்.

இதற்கிடையே பல ஊர்களில் பழைய கல்மண்டபங்கள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் கான்கிரீட் பள்ளிகள் எழுகின்றன. ஜமாஅத் பெருகும்போது இடம் போதாமல் போவது உண்மையே. அதற்காக யாரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் முன்புறமோ பக்கவாட்டிலோ விரிவாக்கி, பழைய மண்டபத்தை உள்ளே காப்பாற்றும் வழியை முதலில் ஆராயலாம். ஒரு முறை உடைத்த போதிகையை மீண்டும் செதுக்கத் தருவதற்குப் பொருள் கிடைத்தாலும் கை கிடைப்பது அரிது.

எனவே இச்சுற்றுலா மாணவர்களின் சொந்த மஹல்லாவில் வந்து முடிய வேண்டும். நிர்வாகிகளிடம் அனுமதி பெற்று, தொழுகையில்லாத நேரத்தில், பள்ளியின் தூண்களையும் மிஹ்ராபையும் ஹவுளையும் கைபேசியில் படமெடுக்கட்டும். தூணின் உயரத்தையும் சுற்றளவையும் நூல்பிடித்து அளந்து குறிக்கட்டும். மீஸான் கற்களின் எழுத்துகளைப் படிக்க முயலட்டும். பழைய புகைப்படம் இருக்கிறதா என்று வாப்பா, உம்மாவிடமும் அப்பா, நன்னியிடமும் கேட்கட்டும். இப்படிச் சேர்த்தவற்றை மதரஸாவில் ஒரு தொகுப்பாக வைத்தால், வேறோர் ஊரின் பிள்ளைகளுக்கு அதுவே அடுத்த சுற்றுலாவாகும்.

தான் அளந்த தூணை இடிக்க ஒருவருக்கும் எளிதில் மனம் வராது. இன்று பத்து வயதில் நூல்பிடிக்கும் பிள்ளைகள்தாம் நாளை ஜமாஅத்தின் பொறுப்புகளில் அமரப் போகிறவர்கள். இன்ஷா அல்லாஹ், அன்று திருப்பணி பற்றிய பேச்சு எழும்போது, அந்தத் தூணுக்காகப் பேச ஒருவரேனும் இருப்பார்.