மூன்றாவது துளையின் கதை

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாலு மாணவர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடாக இருக்கட்டும், மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய சின்ன லாட்ஜ் அறையாக இருக்கட்டும். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, அதன் உலோக மேல்பாகத்தில் விரலை மெதுவாக நகர்த்தினால் சில இடங்களில் ஒரு விசித்திரமான உணர்வு வரும். ஷாக் என்று சொல்ல முடியாது. 'சுர்'ரென்று ஒரு கூச்சம், வழவழப்பான தகட்டில் யாரோ நைஸான மணலைத் தூவிவிட்டது போல ஒரு சொரசொரப்பு. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாலும் குறையும்.

"லேப்டாப்பில் கரண்ட் லீக் ஆகுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. கடையில் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது! வீட்டுக்கு வந்தால் மறுபடியும் சுர். பழி லேப்டாப் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி சுவரில்தான் இருக்கிறார். பிளக் பாயிண்ட்டின் உச்சியில் மற்ற இரண்டையும் விடப் பெரிதாக இருக்கிறதே, அந்த மூன்றாவது துளை. அதன் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

விரலே மீட்டர்

மின்சாரத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில் மனித உடம்பே மீட்டராக இருந்தது. 1770-களில் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் தன் உடம்பு வழியாகவே மின்சாரத்தைச் செலுத்தி, ஷாக் எவ்வளவு பலமாக அடித்தது என்பதை வைத்துப் பொருள்களின் கடத்தும் திறனை ஒப்பிட்டார். அவர் எழுதி வைத்த குறிப்புகளை நூறு வருடம் கழித்து, 1879-இல்தான் மேக்ஸ்வெல் பதிப்பித்தார்.

லேப்டாப்பில் வரும் அந்தச் சொரசொரப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எட்வர்ட் மாலின்க்ராட் என்ற வேதியியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பளபளப்பான பித்தளை பல்ப் ஹோல்டர் ஒன்று, விளக்கு எரியும்போது தடவினால் மட்டும் வழவழப்பு குறைந்து தெரிந்தது. அவரும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து 1953-இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் எழுதினார்கள். விரலின் உலர்ந்த மேல்தோல் ஒரு மெல்லிய இன்சுலேஷன். உலோகத்தில் மாறுமின்னழுத்தம் இருந்தால் அது தோலை நொடிக்குப் பலமுறை இழுத்து இழுத்து விடுகிறது. விரல் நகரும்போது உராய்வு கூடிக் குறைவதால் சொரசொரப்பாகத் தெரிகிறது. விரலை அசைக்காமல் வைத்தால் அந்த உணர்வு மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் லேப்டாப் மேல் சோதித்துப் பாருங்கள்!

சார்ஜருக்குள் என்ன நடக்கிறது?

லேப்டாப் சார்ஜர் 230 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறிய வோல்டேஜாக மாற்றுகிறது. இப்படி வெட்டும்போது எழும் மின் இரைச்சல் ரேடியோ, டிவி முதலியவற்றைக் கெடுக்காமல் இருக்க, உள்ளே குட்டிக் கெபாசிட்டர்களை வைக்கிறார்கள். மூன்று பின் சார்ஜரில் வழக்கமாக ஒன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கும். இரைச்சலை எர்த் வழியாக மண்ணுக்கு அனுப்புவதுதான் இவற்றின் வேலை.

எர்த் ஒயர் உண்மையிலேயே மண்ணைத் தொட்டால் எல்லாம் சுபம். தொடாவிட்டால்? இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் புள்ளி அந்தரத்தில் தொங்குகிறது. 230-இல் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. லேப்டாப்பின் உலோகப் பாகமும் அதோடு சேர்ந்தது என்பதால் டெஸ்டரை வைத்தால் விளக்குகூட எரியும்!

115 வோல்ட் என்றதும் பயப்பட வேண்டாம். கெபாசிட்டர் மிகச் சிறியது. அது 2.2 நானோஃபாரட் என்றால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாகப் போகக்கூடிய கரண்ட் சுமார் 0.16 மில்லி ஆம்பியர்தான். அமெரிக்காவின் பெர்க்லியில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்துப் பல வருடங்கள் ஆய்வு செய்தார். கையில் பிடித்திருக்கும் ஆண்களுக்குச் சராசரியாக 1.1 மில்லி ஆம்பியரில்தான் கரண்ட் இருப்பதே தெரிகிறது, சுமார் 16 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாது என்று கண்டார். பெண்களுக்கு இந்த இரண்டு அளவுகளுமே குறைவு. ஆக லேப்டாப் சுர் என்பது ஆளைக் கொல்லாது. ஆனால் அது சொல்லும் செய்தி சாதாரணமானதல்ல.

சட்டம் வைத்த துளை

பூமிதான் இந்தக் கதையில் பாதிப் பாத்திரம். தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் மண்ணோடு கட்டப்பட்டிருக்கும். அதனால்தான் தரையில் நிற்பவர் ஃபேஸைத் தொட்டால் சுற்று முழுமையாகி ஷாக் அடிக்கிறது. ஒரு மெஷினின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டால், மனிதரை விடச் சுலபமான வேறொரு வழியை அந்தக் கரண்ட்டுக்குக் காட்ட வேண்டும். அதுதான் மூன்றாவது பின்.

நம் ஊர் உருண்டைப் பின்கள் பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் வாரிசுகள். 1934-இல் வந்த தரம் அது. எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். தடிமனாக இருப்பதால் வேறு துளையிலும் தவறி நுழையாது.

சட்டமும் தூங்கவில்லை. 1910-இல் இந்திய மின்சாரச் சட்டம் வந்தது. 1956-ஆம் ஆண்டு விதிகளின் 33-வது விதி, நுகர்வோர் வீட்டில் எர்த் முனை ஒன்றை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பை மின்சாரம் தருபவர் மேலேயே வைத்தது. அதற்கான செலவை நுகர்வோரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்தது 1957 ஜூலை 1. அதாவது வாரியத்தை விட விதிக்கு ஒரு வயது அதிகம்!

இலவசங்களோடு வளர்ந்த வீடு

பிறகு ஏன் இத்தனை வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கிறது? மின்சாரம் வீட்டுக்குள் வந்த வரிசையைப் பார்த்தால் ஓரளவு புரியும்.

கிராமத்துக்கு முதலில் வந்தது பல்பு. குடிசைகளுக்கு ஒற்றை விளக்கோடு இணைப்பு கொடுத்தார்கள். மத்திய அரசின் குடீர் ஜோதி திட்டம் 1988-89-இல் வந்தது. ஒரு பல்புக்கு எர்த் எதற்கு? மரப்பலகை, இரண்டு ஒயர், ஒரு சுவிட்ச், வேலை முடிந்தது. 2006-இல் அரசின் இலவச கலர் டிவி வந்தது. டிவிக்கும் பெரும்பாலும் இரண்டு பின் போதும். 2011 செப்டம்பர் 15 அன்று மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும், மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் திட்டமும் தொடங்கின. ஈரக்கையோடு தொடும் கிரைண்டரும் மடியில் வைக்கும் லேப்டாப்பும் அதே பழைய ஒயரிங்கில் வந்து ஏறிக்கொண்டன. பொருள் மாறியது, சுவர் மாறவில்லை.

புது வீடுகளிலும் இதே கதை நடப்பதுண்டு. மூன்று துளை பிளக் பாயிண்ட் அழகாக இருக்கும், பின்னால் பச்சை ஒயர் இருக்காது. இருந்தாலும் அது எந்தக் குழிக்கும் போகாது. கணக்குப் பாஷையில் சொன்னால் எர்த் என்பது இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. விபத்து நடக்காத வரை அது வெறும் செலவாகத்தான் தெரியும். பெயிண்ட் கண்ணுக்குத் தெரியும், மண்ணுக்குள் இறக்கிய பைப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் கல்பாக்கம். அங்கே முதல் அணு உலை 1983-இலும் இரண்டாவது 1985-இலும் இயங்கத் தொடங்கின. அத்தனை பெரிய மின் நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில், அறைச் சுவரில் ஒரு பச்சை ஒயருக்குப் பஞ்சம்!

பாறையும் மணலும்

குழி தோண்டியவர்களுக்கும் இந்தப் பகுதியில் சுலபமில்லை. இந்தியத் தரமான ஐ.எஸ். 3043 சொல்லும் பைப் எர்த்துக்கு 2.5 மீட்டர் நீளக் குழாயை இறக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். ஈரமான களிமண் கரண்ட்டை நன்றாகக் கடத்தும். பாறையும் காய்ந்த மணலும் கடத்தாது. செங்கல்பட்டைச் சுற்றிக் குன்றுகள், மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைச் செதுக்கிய பாறையும் கடற்கரை மணலும். ஏரி நிறைந்திருக்கும் கார்த்திகையில் வேலை செய்யும் எர்த், சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் கை விரித்துவிடலாம். உப்புக் காற்று இரும்புக் குழாயையும் அதன் போல்ட்டையும் அரித்துவிடும். எர்த் என்பது ஒருமுறை போட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை.

குழியின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் உடைந்து மெஷின் உடம்பில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர்தான் போகும். 15 ஆம்பியர் ஃப்யூஸ் போகாது! அந்த உடம்பு உயிரோடுதான் நிற்கும். அதனால்தான் ஆர்.சி.சி.பி. என்ற கருவி முக்கியம். போகும் கரண்ட்டுக்கும் திரும்பும் கரண்ட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது கண் சிமிட்டும் நேரத்தில் சப்ளையைத் துண்டித்துவிடும். இந்த வகைக் கருவி ஒன்றை அமெரிக்காவில் 1961-இல் உருவாக்கியவர் வேறு யாருமில்லை, அதே டால்சியல்தான்.

சுர் என்றால் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு விலக்கு. சில சார்ஜர்களுக்குப் பிறப்பிலேயே இரண்டு பின்தான். அவை இரட்டை இன்சுலேஷன் வகை, சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருக்கும். சிற்பக் கூடங்களில் கல் அறுக்கும் கை மெஷின்களிலும் இந்தக் குறியைப் பார்க்கலாம். இந்தச் சார்ஜர்களில் எர்த் நன்றாக இருந்தாலும் லேசான கூச்சம் வரலாம், அதற்கு வீட்டைக் குறை சொல்ல முடியாது.

மூன்று பின் சார்ஜரில் சுர் வந்தால் அந்தப் பாயிண்ட்டில் எர்த் இல்லை என்று சந்தேகிக்கலாம். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது, பேனாவால் மூடியைத் தள்ளிவிட்டுச் செருகுவது இரண்டும் வேண்டாம். இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. சுர் நின்றுவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், ஃபேஸ் நேராக மெஷின் உடம்புக்கே வந்துவிடும்.

தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பல்பு மங்கினாலோ எரியாமலே போனாலோ குழியையும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் இப்படிச் சோதித்தால் அது விழுந்துவிடும், விழுந்தால் நல்ல செய்தி!

லேப்டாப் அடித்த சுர்ரை மாணவர் செருப்புப் போட்டுச் சமாளித்துவிடுவார். ஆனால் அதே வீட்டில், அதே குழியை நம்பித்தான் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று பழுதாகும் நாளில் மூன்றாவது ஒயர் இல்லையென்றால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் அம்மாதான் எர்த்.