தனுக்கோடி: ஓர் ஊரின் தோற்றமும் கைவிடலும்

இராமேசுவரத் தீவின் தென்கீழ்க் கோடியிலுள்ள தனுக்கோடி 1964ஆம் ஆண்டுப் புயலால் அழிந்தது என்பது பலரும் கூறுவது. ஊர் இடிந்தமைக்கு அக்கூற்றுப் பொருந்தும். இடிந்த ஊர் மீண்டும் எழாமைக்கு அது விடையாகாது. அவ்விடையை ஊர் தோன்றிய காரணத்திலேயே தேடுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

இடத்தின் தொன்மை வேறு. ஊரின் அகவை வேறு. அகநானூற்றின் 70ஆம் பாடல், பாண்டியர்க்குரிய பழமை வாய்ந்த கோடியையும், ஆங்கு ஆலமரத்தடியில் இராமன் இருந்தமையையும் குறிக்கின்றது. அக்கோடி தனுக்கோடியே என்பர் அறிஞர். பிற்காலத்தே அடியவர் சேதுவில் நீராடி மீண்டனர். மீனவர் கரையில் குடிலமைத்து வாழ்ந்தனர். புகைவண்டி நிலையமும் சுங்கச்சாவடியும் அஞ்சலகமும் கொண்ட துறைமுக ஊராக அது விரிந்தது 1914க்குப் பின்னரேயாம்.

அதற்குமுன் சென்னையினின்று கொழும்பு செல்வோர் தூத்துக்குடிவரை புகைவண்டியிலும் அப்பால் கப்பலிலும் சென்றனர். தலைமன்னார்வரை கடலின்மீது பாலம் அமைக்கும் எண்ணம் செலவு மிகுதியால் கைவிடப்பட்டது. 1914 பிப்பிரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட, இருப்புப்பாதை தனுக்கோடித் துறையை எட்டியது. எஞ்சிய ஏறத்தாழ 35 கிலோமீட்டரை நீராவிக் கப்பல் கடந்தது. 'போட் மெயில்' என்னும் பெயர் இதனால் நிலைத்தது.

இத்துறை வழியே சென்றோருள் தனித்துக் கருதத்தக்கவர் இலங்கைத் தோட்டத் தொழிலாளர். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில், நோய்த்தடுப்பின் பொருட்டுத் தங்கவைக்கப்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடந்தனர். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க இசைந்தன. அதன்பின் 53ஆம் நாள் இரவில் புயல் தாக்கிற்று. பாம்பனிலிருந்து வந்த வண்டி கடலலையால் கவிழ்ந்து, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இனி நிகழ்ந்ததே நம் வினாவுக்கு இன்றியமையாதது. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாளில் செப்பனிடப்பட்டது. தனுக்கோடிப் பாதையோ மீண்டும் இடப்படவில்லை. ஊர் குடியிருப்புக்குத் தகாதென அரசு அறிவித்தது. கப்பற்றுறை இராமேசுவரத்திற்கு மாறிற்று. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர், தம் முன்னோர் கப்பலேறிய துறையைக் காணாது இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். உள்நாட்டுப் போரால் 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது.

இருபுறமும் கடல் சூழ்ந்த மணற்றிட்டில் மீண்டும் கட்டுதல் அறிவுடைமையன்று என ஒரு தடை எழலாம். அது தக்க தடையே. ஆயினும், அரசு விலக்கிய அவ்விடத்தை மீனவர் முற்றிலும் விட்டகலவில்லை. இன்றும் அவர்கள் ஆங்கு வாழ்கின்றனர்; யாத்திரிகரும் நீராடுகின்றனர். பிறரை அக்கரை சேர்த்தலே துறைமுக ஊரின் பிழைப்பு. அத்தொழில் பெயர்ந்ததும் ஊருக்கு உயிரில்லை. மீனவர்க்கோ கடலே பிழைப்பு, கடல் பெயரவில்லை.

எனவே கைவிடப்பட்டது ஆங்கிலேயர் காலத் துறைமுகமேயன்றித் தொன்முது கோடியன்று என்பது பெறப்படும். இடிந்து நிற்கும் நிலையத்தையும் மாதாகோயிலையும் ஆராயப் புகுவோர், புயலின் கதையோடு அமையாது, மண்டபம் முகாமின் வரலாற்றையும் மலைநாட்டுத் தமிழரின் நினைவுகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அவற்றுள்தான் இவ்வூரின் முழு வரலாறு அடங்கியுள்ளது.