ஈறில் ரத்தம் வருதா? பிரஷ்ஷோடு சேர்த்து தட்டையும் கொஞ்சம் கவனிங்க!

காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரையில் லேசாக இளஞ்சிவப்பு தெரிகிறதா? கொய்யாவைக் கடித்தால், கடித்த இடத்தில் ரத்தக்கறை ஒட்டியிருக்கிறதா? 'பிரஷ் புதுசு, அதான் குத்திடுச்சு' என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லி, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். விரலில் இப்படி தினமும் ரத்தம் கசிந்தால் சும்மா இருப்போமா? ஈறு என்றால் மட்டும் கண்டுக்கிறதில்லை. ஏன்னா, அது வலிக்கிறதில்லை.

அதுதான் சிக்கலே. பல் சொத்தை நடு ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கும். ஈறு நோய் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் வளரும். இருபதுகளில் லேசான ரத்தக்கசிவாகத் தொடங்கி, நாற்பதுகளில் பல் ஆடும்போதுதான் பலருக்குத் தெரியவே வரும். நடுவில் இருக்கும் அந்த இருபது வருடங்களில் நீங்கள் எப்படித் துலக்கினீர்கள் என்பதோடு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதும் கணக்கில் வரும்.

ஈறில் அப்படி என்னதான் நடக்குது?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பாக்டீரியாக்கள் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். இதை 'பிளாக்' என்பார்கள். நாக்கால் தடவினால் வழவழவென்று இருக்குமே, அதுதான். ஒழுங்காகத் துலக்கி எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள தாதுக்கள் அதில் படிந்து கெட்டியான காரையாக மாறிவிடும்.

இந்தக் கிருமிகளை எதிர்க்க, உடல் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டாலே ரத்தம் கசியும். இது முதல் கட்டம், பெயர் ஜின்ஜிவைட்டிஸ். நல்ல செய்தி, இதை முழுசாகச் சரிசெய்ய முடியும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு, ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னது. 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

கண்டுக்காமல் விட்டால் அடுத்த கட்டம், பெரியோடான்டைட்டிஸ். வீக்கம் ஈறைத் தாண்டி உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கும். கரைந்துபோன எலும்பு தானாகத் திரும்ப வளராது. சிகிச்சையால் மேற்கொண்டு கரையாமல் தடுக்கலாம். இழந்ததை முழுசாக மீட்பது கஷ்டம்.

அதே அழுக்கு, ஆனா சேதம் வேற வேற!

இதே லோ செய்த இன்னொரு ஆய்வு, ஈறு நோய் பற்றிய பாடப்புத்தகங்களில் இன்றும் பேசப்படுகிறது. 1970-ல் தொடங்கி 15 வருடங்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளை அவரது குழு கவனித்து வந்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் பழக்கமும் கிடையாது, பல் சிகிச்சையும் கிடைத்ததில்லை. எல்லோர் பல்லிலும் பிளாக், காரை. ஆனாலும் சுமார் 8 சதவிகிதம் பேருக்கு நோய் படுவேகமாக முற்றியது; 81 சதவிகிதம் பேருக்கு மிதமாக வளர்ந்தது; 11 சதவிகிதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை.

அந்த ஆய்வு உணவைப் பற்றியது இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது: சேதம் எவ்வளவு என்பதைக் கிருமி மட்டுமே முடிவு செய்வதில்லை. கிருமிக்கு உங்கள் உடல் எப்படி பதில் கொடுக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. மரபணு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய், சாப்பாடு எல்லாம் இந்தப் பதிலை மாற்றக்கூடியவை. இதில் மரபணுவை நாம் ஒண்ணும் செய்ய முடியாது. சாப்பாட்டை மாற்றலாம்.

பிரஷ் இல்லாமல் நாலு வாரம்

சாப்பாட்டுக்கு அவ்வளவு சக்தி இருக்கா? 2009-ல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு சுவாரஸ்யமானது. 10 பேர், நாலு வாரம், கற்கால மனிதர்கள் மாதிரி வாழ்ந்தார்கள். தீட்டாத தானியம், பால், இறைச்சி, காட்டில் கிடைத்த பழங்கள், கீரைகள், கொஞ்சம் தேன். வெள்ளைச் சர்க்கரை கிடையாது. பிரஷ், பேஸ்ட்டும் கிடையாது. எதிர்பார்த்தபடியே பல்லில் படலம் அதிகமானது. ஆனால் பரிசோதித்தபோது ரத்தம் கசிந்த இடங்கள் 34.8 சதவிகிதத்திலிருந்து 12.6 சதவிகிதமாகக் குறைந்திருந்தன!

2016-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகக் குழு இதையே இன்றைய சாப்பாட்டில் சோதித்தது. 15 பேரில் 10 பேருக்கு மாவுச்சத்தைக் குறைத்து, ஒமேகா-3, வைட்டமின் சி, டி, நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். துலக்கும் பழக்கத்தை மாற்றவில்லை. சில வாரங்களில் ரத்தக்கசிவு சுமார் பாதியாகக் குறைந்தது.

இரண்டுமே சின்ன ஆய்வுகள். 'அப்போ பிரஷ் வேணாமா?' என்று கேட்காதீர்கள். கற்காலச் சாப்பாட்டில் நாலு வாரம் தாக்குப்பிடிக்கலாம். பரோட்டாவும் பப்ஸும் சாப்பிட்டுக்கொண்டு முடியாது.

வைட்டமின் சி: கப்பல்காரர்கள் கற்ற பாடம்

1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமாவின் மாலுமிகளில் பலரைக் காவு வாங்கியது ஸ்கர்வி. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடிப்போகும் நோய் அது. 1747-ல் பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள்.

காரணம், ஈறைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உருவாக்க வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். இன்று ஸ்கர்வி அபூர்வம். ஆனால் காலையில் டீ-பிஸ்கட், மதியம் லெமன் ரைஸ், இரவு நூடுல்ஸ் என்று ஓட்டும் ஹாஸ்டல், பி.ஜி வாழ்க்கையில் இந்த வைட்டமின் தேவையைவிடக் குறைவது அபூர்வமில்லை.

ஐ.சி.எம்.ஆர் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் போதும். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கு! நெல்லிக்காய், ஆரஞ்சு, குடமிளகாய், தக்காளி எல்லாம் நல்லதே. சமைக்கும்போது சூட்டில் வைட்டமின் சி கணிசமாகக் குறையும் என்பதால், தினமும் ஏதாவது ஒன்றைப் பச்சையாகச் சாப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பவர்கள் உடனே பல் துலக்க வேண்டாம். அமிலம் எனாமலை இளக்கியிருக்கும். அப்போது தேய்த்தால் எனாமலும் தேயும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

எவ்வளவு சர்க்கரை? எத்தனை தடவை?

ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் சர்க்கரையை வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஸ்பூன் போட்டு நாலு டீ குடித்தால் எட்டு ஸ்பூன் ஆச்சு. கேக், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

அளவு மாதிரியே எத்தனை தடவை என்பதும் முக்கியம். இனிப்பு உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் பாக்டீரியாவுக்கு விருந்துதான். பிஸ்கட், சிப்ஸ், மிக்சர் ஈறு ஓரத்தில் அப்பிக்கொண்டு வெகுநேரம் இருக்கும். இனிப்பு சாப்பிட ஆசையா? மதியச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நாள் முழுக்கக் கொறிப்பதைவிட அது மேல்.

ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தால் ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். வீட்டில் அம்மா, அப்பாவுக்கு சர்க்கரை இருந்தால், அவர்கள் ஈறையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தட்டில் என்ன வைக்கலாம்?

* கேழ்வரகு: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கூழ், தோசை, அடை எதுவானாலும் ஓகே. பால், தயிரும் பல்லைத் தாங்கும் எலும்புக்கு நல்லது.
* மத்தி, கானாங்கெளுத்தி: விலை குறைந்த மீன்கள், ஒமேகா-3 நிறைந்தவை. பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. சைவம் என்றால் ஆளி விதை, வால்நட்.
* பருப்பு, முட்டை, சுண்டல்: ஈறு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளப் புரதம் வேண்டும். வெயிட் குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.
* கீரை, காய்கறி, தீட்டாத தானியம்: நார்ச்சத்துக்காக. மென்று சாப்பிடும்போது எச்சிலும் நன்றாகச் சுரக்கும்.
* தண்ணீர்: வாய் காய்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சாப்பிட்டதும் நன்றாகக் கொப்பளியுங்கள்.

இதையெல்லாம் நம்பாதீங்க

'ஸ்கேலிங் செய்தா பல் ஆடும்': பல்லை ஆட வைப்பது காரைக்கு அடியில் நடந்த எலும்புத் தேய்மானம். காரையை எடுத்ததும் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

'ரத்தம் வர்ற இடத்தில் பிரஷ் படக்கூடாது': நேர் எதிர். அங்கேதான் மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல், பொறுமையாகச் சுத்தம் செய்யணும்.

'எனக்கு ரத்தமே வராது, ஈறு சூப்பர்': புகைப்பவர் என்றால் இதை நம்ப முடியாது. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், உள்ளே நோய் இருந்தும் ரத்தம் வெளியே தெரியாமல் போகலாம்.

'ஆயில் புல்லிங் போதும்': கெட்டியான காரையை எந்த எண்ணெயும் கரைக்காது. கொய்யாவும் கரைக்காது. அதற்கு ஸ்கேலிங் மட்டும்தான்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

இரண்டு வேளையும் ஒழுங்காகத் துலக்கி, பல் இடுக்குகளையும் சுத்தம் செய்து, இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லையா? பல் மருத்துவரைப் பாருங்கள். ஈறு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, விடாத வாய் நாற்றம், சீழ், பல் ஆட்டம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஈறோடு மூக்கிலும் ரத்தம், காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டுகள் என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். பொது மருத்துவரிடம் போங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறீர்களா? சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கும்.

இன்று இரவு துலக்கும்போது செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் உங்கள் ஈறைப் பாருங்கள். பல்லோடு ஒட்டி, இறுக்கமாக இருந்தால் நல்லது. சிவந்து, உப்பி, தொட்டதும் ரத்தம் வந்தால், நாளைக்கு டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்து, சாயந்திரம் சிப்ஸுக்குப் பதில் ஒரு கொய்யா வாங்குங்கள். அப்படியே ஒரு ஸ்கேலிங்குக்கும் நாள் குறித்துவிடுங்கள்.