அணை யாருடைய கோயில்?

1954இல் பக்ரா நங்கல் திட்டத்தைப் பார்த்த நேரு, இதைவிடப் பெரிய கோயில் ஏது என்று வியந்தார். பிறகு இந்தியா ஆயிரக்கணக்கில் அணைகள் கட்டியது. கோயில் சரி, பிரசாதம் ஆருக்குக் கிடைச்சது?

2007இல் பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்ளோவும் ரோகிணி பாண்டேயும் மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் பார்த்தார்கள். அணைக்குக் கீழேயுள்ள மாவட்டங்களில் விளைச்சல் கூடி, வறுமை குறைந்திருந்தது. அணை கட்டிய மாவட்டத்திலோ வறுமை கூடியிருந்தது. காணி மூழ்கியது அங்கே. வாய்க்கால் தண்ணீர் போனது வேறெங்கோ.

பிரித்தானியர் வரி வசூலை ஜமீன்தார்களிடம் விட்டிருந்த மாவட்டங்களில் அடி இன்னும் பலம். ஜமீன் முறையைச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனா, குரலற்றுப் போன சனம் நட்டஈடு கேட்டு வெல்வது லேசில்லை.

ஆகவே, ‘நாட்டுக்கு நல்லது’ எண்டு ஆரும் சொன்னால், நாட்டில் எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்கத்தான் வேணும்.